குட்டை மட்கார்ட்

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸில் மவுண்டன் பைக் வாங்கியபோது, "பாஸ், மட்கார்ட் நீளமா போடுங்க லா" என்றார் கடைக்காரர். ஸ்டைல் போய்விடும் என்று குட்டையானதையே மாட்டினேன்.

ஞாயிறுதோறும் நானும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிளில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவோம். மழை பெய்தால் அவள் வெகுதூரம் பின்தங்கிவிடுவாள். "ஆமை" என்று கேலி செய்வேன்.

ஒருநாள் மழையில், அவள் பிரேக் சரியில்லாததால் அவளை முன்னால் விட்டேன். அவளுடைய பழைய சைக்கிளில் முழு மட்கார்ட். ஒட்டியே போயும் என்மேல் ஒரு துளி சேறு படவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"என் டயர் சேத்துக்குப் பயந்துதான் தள்ளி வந்தியா?"

"வாய்க்குள்ளயே தெறிக்குதுங்க" என்று சிரித்தாள். "புது பைக்ல அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. அதான் சொல்லல."

இத்தனை நாளும் என் வேகம் என்றே நினைத்திருந்தேன். அன்றே நீளமானதை மாட்டினேன். பார்க்க அசிங்கம்தான்.

அடுத்த மழையில் முதுகுக்குப் பின்னாலேயே அவள் குரல் கேட்டது: "சீக்கிரம் போங்க லா, ஆமை!"