நிறம் கேட்ட விரதங்கள்

என் மகள் பிறந்த மறுநாள் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து முதலில் பார்த்தது பிள்ளையின் காதை. சுற்றியிருந்த துணியை விலக்கி, காது மடலின் மேல் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறந்த பிள்ளை எல்லாம் சிவப்பாகத்தான் கிடக்கும், பிறகு என்ன நிறத்தில் வந்து நிற்கும் என்பதைக் காது சொல்லிவிடும் என்பது எங்கள் பெண்களின் சாத்திரம். அம்மாவுக்கு அதை அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தார். அவருக்கு யார் சொன்னதோ தெரியாது, ஆனால் ஒருத்திகூட அதை மறக்கவில்லை.

பக்கத்தில் நின்ற நேர்ஸ் பதறிப்போய், காதில் ஏதாவது பிரச்சினையா என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் என்ன பார்க்கிறார் என்றாள். அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கறுப்புத்தான்," என்று பிள்ளையைத் திரும்பப் படுக்க வைத்தார் அம்மா. "உன்னை மாதிரி, என்னை மாதிரி. நானும் எவ்வளவு விரதம் பிடிச்சன். முருகன் கண் திறக்கேல்லை."

தையல் வலியோடு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தேன். கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாகக் கிடந்து, சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கால் கடுக்க நின்று, சுகப்பிரசவத்துக்காகத்தான் அம்மா மன்றாடுகிறார் என்று நான் நம்பியிருந்தேன். அவர் கேட்டது நிறம். அதுவும் யாரிடம்? கருங்கல்லில் செய்த சாமியிடம். எண்ணெய் வடியக் கன்னங்கரேலென்று நிற்கும் சாமியைப் பார்த்து "என்ன வடிவு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே வாயால் பேத்தி கறுப்பாகப் பிறக்கக்கூடாது என்று கேட்க எப்படித்தான் மனம் வருகிறதோ. அந்தக் கட்டிலில் கிடந்தபடியே நான் முடிவு கட்டினேன். இந்தச் சீழ் என்னோடு நிற்க வேண்டும், என் மகளுக்குப் போகக்கூடாது.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் எல்லோருமே நல்ல கறுப்பு. அம்மாவின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன படம் ஸ்டூடியோவில் திருத்திய படம். கலியாணத்தன்று அவருக்குப் பவுடரை அப்பி, கழுத்துக்கும் கைக்கும்கூடப் பூசித்தான் மணவறையில் இருத்தினார்களாம். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவரைக் கண்ட மாமியார், சனம் நிறைந்த வீட்டில் வாய் கூசாமல், "எங்களை ஏமாத்திப் போட்டினம்" என்று கத்தினாராம். ஏமாற்றியவர்கள் பெரியவர்கள். கள்ளி என்று பெயர் எடுத்தது பத்தொன்பது வயதுப் பெட்டை.

அன்றோடு அப்பா அம்மாவோடு கதைப்பதை விட்டவர், கதைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சோறு வேண்டும், சட்டை வேண்டும் என்றால் "இஞ்சை" என்பார், அவ்வளவுதான். குடும்பச் சங்கதி ஏதும் இருந்தால் என்னைக் கூப்பிட்டு, "கொம்மாவிட்டைச் சொல்லு" என்பார். அம்மா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் நான் தபால்காரியாக வளர்ந்தேன். அப்பா சாகும் வரைக்கும் அது மாறவில்லை.

இவ்வளவு பட்ட மனுசி எனக்கு என்ன சொல்லித் தந்திருக்க வேண்டும்? எவனாவது நிறத்தைப் பற்றிச் சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேள் என்றல்லவா? அம்மா சொல்லித் தந்தது வேறு. மஞ்சள் சட்டை போடாதே. படம் பிடிக்கும்போது நடுவில் நிற்காதே. வெள்ளிக்கிழமை விரதத்தை விடாதே. யாரும் ஏதும் சொன்னால் சிரி. நானும் சிரித்துச் சிரித்தே வளர்ந்து, எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கலியாணம் கட்டி சிட்னிக்கு வந்து சேர்ந்தேன். அப்பா செத்த பிறகு அம்மாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டோம். என் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அவர் பெட்டியிலிருந்து எடுத்தது ஒரு சின்னக் குங்குமப்பூ டப்பா. அதைப் பாலில் போட்டுக் குடிக்கச் சொல்லி என் பின்னால் திரிந்தார். எனக்கு அந்த மணமே ஆகாது. வாங்கி வாங்கிச் சிங்கில் ஊற்றினேன்.

அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்தவள் ஒரு அபோரிஜினல் பெண், இந்த மண்ணுக்கே சொந்தக்காரி. தேத்தண்ணி நேரத்தில் தன் தாயைப் பற்றிச் சொல்லுவாள். சிறு பிள்ளையாக இருக்கும்போது அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய் எங்கோ வளர்த்த பெரியம்மாவைப் பற்றிச் சொல்லுவாள். அந்தப் பெரியம்மா திரும்பி வரும்போது தன் பாஷையை மறந்திருந்தாளாம், செபத்தை மட்டும் மறக்கவில்லையாம். ஒவ்வொரு கதையையும் "வீ ப்ளாக் விமன்" என்றுதான் தொடங்குவாள். கறுத்தப் பெண்கள் நாங்கள். அதைச் சொல்லும்போது அவள் கழுத்து நிமிரும். அந்தச் சொல்லை அப்படி வாய் நிறையச் சொல்லலாம் என்று நான் கேட்டது அவளிடம்தான். எங்கள் வீட்டில் அதைக் குரல் தாழ்த்தித்தான் சொல்லுவோம், தொற்று வருத்தத்தின் பெயரைச் சொல்லுகிற மாதிரி.

பிள்ளையைப் பார்க்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தானே பின்னிய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினாள். அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தேத்தண்ணி கொடுத்தார். அவள் போன பிறகு பார்த்தால் அந்தக் கோப்பை குசினியில் இல்லை. பின்வளவுக் குழாயடியில், நிலத்தில் கிடந்தது.

"என்னம்மா இது?"

"அவை கறுப்பர், பிள்ளை."

"அப்ப நீங்கள் ஆர்?"

"நாங்கள் பொதுநிறம்," என்றார் அம்மா.

வந்தவள் என் அம்மாவைவிட இரண்டு மடங்கு வெளிறின நிறம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் சாதி பார்த்து ஆட்களுக்கு வேறு கோப்பை, வேறு வாசல் என்று வைத்திருந்த ஊத்தையைக் கடல் தாண்டிக் கவனமாகப் பொத்திக் கொண்டுவந்திருக்கிறார். போய் அந்தக் கோப்பையை எடுத்துக் கழுவி, அம்மாவுக்கு முன்னாலேயே கதிரையைப் போட்டு இருந்து, அதில் தேத்தண்ணி குடித்தேன். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வெள்ளிக்கிழமை விரதம் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

பிள்ளை வளர வளர என் பாடு காவல்காரி வேலையாகப் போனது. நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து அம்மா பயத்தம் மாவில் எலுமிச்சம் புளியை விட்டுக் குழைத்துப் பிள்ளையின் முதுகில் போட்டுத் தேய்ப்பார். ஒருநாள் பாதியில் வந்துவிட்டேன். குளியலறையில் பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டு நிற்கிறாள், முழங்கைத் தோல் உரிந்து எரிகிறது. கிண்ணத்தோடு தூக்கிக் குப்பையில் போட்டேன். கோயிலுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. அன்ரிமார் நாடியைப் பிடித்துக் கொஞ்சி, "நல்ல மூக்கும் முழியும், நிறந்தான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டு நிற்பார்கள். அந்த வசனத்தை ஒருத்தியும் முடித்தது கிடையாது. முடித்தால் பாவமாம்.

மகள் பெரிய பிள்ளையானபோது சாமத்தியச் சடங்கு வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளுக்குச் சேலை உடுத்திப் பார்க்க ஆசை, நகை போட ஆசை, சிநேகிதிகளைக் கூப்பிட ஆசை. சரி என்று மண்டபம் எடுத்தோம். அலங்காரம் செய்ய ஒரு அன்ரியைப் பிடித்தோம். பெரிய பெட்டியோடு வந்து இறங்கியவர் மகளைப் பார்த்ததும், "இவவுக்கு எத்தினை கோட் அடிக்கவேணுமோ" என்று சொல்லிச் சிரித்தார். நான் முறைத்தேன். பிறகு தட்டங்களை அடுக்க ஆள் இல்லை என்று யாரோ கூப்பிட, வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் கதிரையில் இருந்தது என் பிள்ளையே இல்லை. முகம் சாம்பல் பூத்துப்போய் இருந்தது. கண்ணும் பல்லும் மட்டும்தான் அவளுடையவை. கழுத்து வரைக்கும் பூசி, அதற்குக் கீழே சந்தனம் மாதிரி எதையோ தடவி மறைத்திருந்தார்கள். அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ரை ராசாத்தி. இப்பத்தான் முருகன் கண் திறந்தவன்."

இதே பவுடரால் ஆயுள் முழுக்கக் கள்ளியாக வாழ்ந்தவர், இதே பவுடரைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். கையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"யக்! மம், ஹூ இஸ் திஸ்?" என்றாள்.

எழுந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று வோஷ்ரூமுக்குள் போனாள். அன்ரி பின்னால் ஓடினார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அன்ரி, இது சுவர் இல்லை. பிள்ளையின்ரை முகம்."

"வீடியோவிலை பார்த்திட்டுப் பிறகு என்னைத்தானே பேசுவியள்."

"பேசமாட்டன். நீங்கள் பெட்டியைப் பூட்டுங்கோ."

உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகத்தில் சவர்க்கார வாசனை, இமையில் தண்ணீர், அவளுடைய சொந்த நிறம். நானே ஒரு பொட்டு வைத்து மேடைக்குக் கூட்டிப் போனேன். சனம் குசுகுசுத்தது. வீடியோக்காரர் கீழே இறங்கி வந்து வெளிச்சம் காணாது என்றார். அப்படியானால் லைற்றைக் கூட்டுங்கோ என்றேன். மகள் எதையும் கவனிக்கவில்லை, சிநேகிதிகளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். எங்கள் பரம்பரையில் நடு மேடையில் நின்று சிரித்த முதல் கறுப்பி. அம்மா கடைசிக் குடும்பப் படத்துக்கு மட்டும் மேடைக்கு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து அல்பம் வந்தது. விரித்துப் பார்த்தேன். படம் பிடித்தவர் கொம்பியூட்டரில் போட்டு எல்லோரையும் வெளுக்க வைத்திருந்தார். மகள் வெள்ளை, நான் வெள்ளை, அம்மா வெள்ளை. நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. எங்கள் ஆட்களுக்கு இப்படித்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அல்பத்தை அந்த ஆளின் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது, முதலில் நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்தேன். மகள் எட்டிப் பார்த்து, "தட்ஸ் நொட் அஸ்" என்று தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அவளுக்கு அது அவ்வளவுதான்.

அம்மா கடைசிப் பக்கத்தில் இருந்த குடும்பப் படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

"இதைத் திருப்பி அனுப்பிப் போடாதை, பிள்ளை," என்றார். "நான் செத்தா பேப்பர் அறிவித்தலுக்கு இந்தப் படத்தைப் போடு."

"இது நீங்கள் இல்லை அம்மா. இது வேறை ஆரோ."

"தெரியும்," என்றார். விரலால் படத்தில் தன் கன்னத்தைத் தொட்டார். "இப்பிடி இருந்திருந்தா கொப்பர் என்னோடை கதைச்சிருப்பார்."

நான் போனை வைத்தேன். இவ்வளவு காலமும் அந்த மனுசியின் மேல் வைத்திருந்த அருவருப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அது குறையவில்லை. ஆள்தான் மாறியது. செத்துப்போன அப்பாவின் மேலும், கத்திய மாமியாரின் மேலும், அம்மாவுக்குப் பவுடர் பூசி அனுப்பிய அத்தனை கைகளின் மேலும் போய் நின்றது.

சில வருஷம் கழித்து அம்மா போய்ச் சேர்ந்தார். அறிவித்தலுக்குப் படம் கேட்டார்கள். என்னிடம் நல்ல படம் ஒன்று இருந்தது, முற்றத்தில் வெயிலில் நின்று கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற படம், கன்னங்கரேலென்று, அம்மாவேதான். அதையும் அல்பத்துப் படத்தையும் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். வெள்ளைப் படத்தைப் போட்டால் நான் போட்ட சண்டை முழுக்கப் பொய். கறுப்புப் படத்தைப் போட்டால் அவர் கேட்ட ஒன்றையும் கொடுக்காதவள். மகள் வந்து பார்த்தாள். அல்பத்துப் படத்தை எடுத்து என் கையில் வைத்து, "அம்மம்மா கேட்டவ தானே மம்," என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

அனுப்பினேன். பேப்பரிலும் இணையத்திலும் அந்த முகம் வந்தது. பார்த்ததும் பேப்பரை மடித்துக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் லண்டனிலிருந்து அம்மாவின் மச்சாள் ஒருவர் போன் எடுத்தார். அம்மாவின் கலியாண வீட்டில் நின்றவர். கொஞ்சம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"படத்தைப் பார்த்தன், பிள்ளை. கொம்மா என்ன வடிவு. எங்களுக்கு இவ்வளவு காலமும் தெரியாமல் போச்சே."

அம்மாவை வடிவு என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மரணச்சடங்கு மண்டபத்துக்கு எந்த நேரம் அம்மாவைக் கொண்டு வருவார்கள் என்று பக்கத்து அறையில் கணவர் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மாமி," என்றேன். "அவ நல்ல வடிவு."