தள்ளுபடியார் போட்ட கணக்கு

எங்கள் திருகாணித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் தள்ளுபடியார். பெட்டிக்குள் கைவிட்டு நாலைந்தை எடுப்பார். ஒன்று கோணலாக இருந்தாலும் பெட்டியே திரும்பிப் போகும். கேட்டால், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார். திருப்பியதை மறுபடி பிரிக்கவும் மாட்டார். பொட்டலம் கட்டுகிற எங்கள் வயிற்றெரிச்சலை நிறையவே கொட்டிக்கொண்டிருக்கிறார்.

நாற்பதைத் தாண்டியவர், அக்கா வீட்டு மாடியறையில் ஒண்டிக்கட்டை. கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து அக்காவுக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, தனக்கு ஏன் யாரும் அமையமாட்டார்கள் என்பதைக் கணக்காகவே சொன்னார். ஊரில் இருக்கும் பெண்களில் வயது ஒத்துவராதவர்கள், கல்யாணமானவர்கள், தனக்குப் பிடிக்காதவர்கள், தன்னைப் பிடிக்காதவர்கள் என்று கழித்துக்கொண்டே போனால் கடைசியில் அரை ஆள்கூடத் தேறவில்லையாம். மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

எதிரே என் சிநேகிதி இருந்தாள். எடை போடுகிறவள், விவாகரத்தாகித் தனியாக இருப்பவள். தன் டப்பாவிலிருந்து அவருக்கு ஒரு பங்கு வைக்காத நாளில்லை. ஏன் வைக்கிறாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர.

"விவாகரத்தானவங்கள எதுல சேத்தீங்க?" என்று கேட்டாள்.

"சேக்கல. அவங்க மறுபடியும் இந்த வம்புக்கு வரமாட்டாங்க."

"யாரையாவது கேட்டீங்களா?"

அவள் டப்பாவை மூடிவிட்டாள். அன்றைக்கு அவருக்குப் பங்கு இல்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு, ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டவர்போலக் கண் சிவந்து வந்தார். விவாகரத்தானவர்களையும் சேர்த்துப் போட்டால் ஒன்றுக்கு மேலேயே வருகிறது என்று அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

"திருப்பி அனுப்பின பெட்டிய நீங்கதான் பிரிக்கவே மாட்டீங்களே" என்றாள். கோபமில்லை, வெறும் அலுப்பு.

"இத பாக்காமலே திருப்பிட்டேன்" என்றார்.

"அப்போ கணக்க விட்டுட்டு, கேக்க வேண்டியதக் கேளுங்க."

அவர் வாயைத் திறந்தார். வேலைக்குத் திரும்பும் மணி அடித்தது. இத்தனை வருஷப் பழக்கம், எழுந்துவிட்டார். அவர் போவதைப் பார்த்துவிட்டு அவளும் எடை மேடைக்குப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். ஆனால் மணி கேட்டதும் நானும்தான் எழுந்து நின்றிருந்தேன்.