வெண்ணெய் உருண்டைக்கு முன்னால் அம்சா

நூர்முகமதுக்கு முகம் மறக்காது. மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைச் சுற்றி கேமராவோடு நிற்கிறவர்களில் அவருக்கு அதுதான் பேர். காலையில் ஒரு குடும்பத்தைப் படம் எடுப்பார். அடுத்து ஒரு கல்லூரிக் கூட்டம், அடுத்து ஒரு புதுஜோடி. ஏழெட்டுப் படம் சேர்ந்ததும் தெருமுனையில் இருக்கும் மோகனின் கடைக்கு ஓடி, பிரிண்ட் போட்டுக்கொண்டு திரும்புவார். அதற்குள் எல்லாரும் கலைந்திருப்பார்கள். ஒருவர் ஐந்து ரதத்துக்குப் போயிருப்பார், ஒருவர் வறுத்த மீன் கடையில் உட்கார்ந்திருப்பார். டோக்கன் கிடையாது, நம்பர் கிடையாது. கையில் இருக்கும் முகத்தைக் கூட்டத்தில் இருக்கும் முகத்தோடு பொருத்திப் பார்த்து, "இந்தாங்க சார், உங்க படம்" என்று நீட்டுவார். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு படம்கூட ஆள் மாறிப் போனதில்லை.

முகக்கவசம் வந்ததும் அந்த வித்தை செத்துப்போயிற்று.

ஊரடங்கில் ஒன்பது மாதம் பாறைப் பக்கம் யாரையும் விடவில்லை. நூர்முகமது கோவளத்தில், வீட்டு வாசலுக்கு வாசல் சைக்கிளில் தக்காளி விற்றார். மனைவி உம்மு சல்மா பழைய சட்டைத் துணியைக் கிழித்து முகக்கவசம் தைத்தார். மார்கழியில் ஒருவழியாகத் திறந்தார்கள். முகக்கவசம் கட்டாயம். இல்லாதவருக்கு இருநூறு ரூபாய் அபராதம். அதற்கென்று ரசீதுப் புத்தகத்தோடு ஒரு ஆள், மரத்தடியில், காலையிலிருந்து சாயங்காலம் வரை. போட்டோகிராபர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கையும் இருந்தது: முகக்கவசத்தைக் கழற்ற வைத்துப் படம் எடுத்தால் அடையாள அட்டை போய்விடும்.

"இந்த நேரத்துல எவன் வருவான்?" என்றார் சல்மா. "ஊரே பயந்து செத்துகினு கீது. சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு மண்டையில இன்னா கீது?"

"அவங்க மண்டை சரியா இருந்தா நமக்குச் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டு நூர்முகமது பஸ் ஏறினார்.

ஆனால் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வந்தார்கள். நாவலூரிலிருந்து காரில் வந்த ஒரு தம்பதி கண்ணாடியைக்கூட இறக்காமல் உள்ளேயிருந்தே பாறையைப் பார்த்துவிட்டுப் போனது. ஒருவர் பாறையைத் தொட்டுவிட்டுக் கையில் சானிடைசர் ஊற்றிக்கொண்டார். இளவட்டங்கள் முகக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். ரசீதுக்காரர் தலை தெரிந்ததும் மூக்குக்கு ஏற்றினார்கள். எல்லாரிடமும் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி.

படம் என்று வந்ததும் எல்லாரும் ஒரே பாட்டு: "மாஸ்க்கோட எடுத்தா அது இன்னா படம்?" பாதிப் பேர் அப்படியே நடையைக் கட்டினார்கள். கூட நிற்கும் சதாசிவம் ஒரு நாள் முழுக்க ஒரு படமும் எடுக்காமல் வீடு திரும்பினார். நூர்முகமது யோசித்தார். வாய் இருக்கிறவன் பிழைப்பான். மூன்றாம் நாள் ஒரு வசனம் கிடைத்தது.

"மாஸ்க்கோட எடுங்க சார், அதான் விசேஷம். கொரோனா காலத்துலயே மகாபலிபுரம் போனோம்னு நாளைக்குப் பேரப் புள்ளைங்களுக்குக் காட்டலாம். மூஞ்சி எங்க போவப் போவுது? மாஸ்க்குதான் ஆறு மாசத்துல போயிடும்."

ஜனம் சிரித்தது, நின்றது, படம் எடுத்துக்கொண்டது. சதாசிவமும் அதையே சொல்ல ஆரம்பித்தார். "பாய், உன் வாய்க்கு ஒரு சிலை வெக்கணும், அதுக்கும் மாஸ்க்கு போட்டு" என்றார்.

தை மாதம் ஒரு நாள், மேல்மருவத்தூர் போய்விட்டு வரும் வேன்கள் வரிசையாக வந்து நின்றன. மாலை போட்ட பெண்கள். எல்லாருக்கும் சிவப்புச் சேலை, சிவப்பு ரவிக்கை. வழக்கமாகக் கோயிலை முடித்துக்கொண்டு கடல் பார்க்க இந்தப் பக்கம் திரும்புவார்கள். அந்த வருஷம் சிவப்புச் சேலைக்கு மேல் முகக்கவசமும் சேர்ந்துகொண்டது. ஒரு வேனில் பதினேழு பேர் இறங்கினால் பதினேழு பேரும் ஒரே ஆள் மாதிரி இருந்தார்கள்.

கருங்குழி வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மா மட்டும் கூட்டத்தை விட்டு நேராக அவரிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"தம்பி, எனக்குத் தனியா ஒண்ணு எடு. நான் கல்லைத் தாங்கிப் புடிக்கிற மாதிரி."

"எடுத்துடலாங்க்கா. பேரு?"

"அம்சா. பேரெல்லாம் எதுக்கு?"

"சும்மா கேட்டேன். கையைத் தூக்குங்க. இன்னும் மேல. பாறை உருண்டு வருது, வுட்றாதீங்க!"

அம்சா கையைத் தூக்கினார். உடனே இறக்கினார்.

"ஒரே ஒரு தபா இத்த எறக்கிக்கிறேன் தம்பி. பொறந்ததுலேர்ந்து இதான் மொத டூரு. மூஞ்சி தெரியட்டும்."

நூர்முகமது மரத்தடியைப் பார்த்தார். ரசீதுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எந்த நிமிஷமும் இந்தப் பக்கம் திரும்பலாம். "அய்யோ, எறக்காதீங்கக்கா! அந்த ஆளு பாத்தா என் கார்டு போயிடும். உங்களால என் பொழப்பு கெடணுமா?" கண் மரத்தடியிலேயே இருக்க, வாய் தன்பாட்டுக்கு வசனத்தைச் சொல்லி முடித்தது. "மூஞ்சி எங்க போவப் போவுது? மாஸ்க்குதான் போயிடும்."

திரும்பிப் பார்த்தபோது அம்சாவின் முகக்கவசம் மறுபடி மூக்குக்கு மேல் ஏறியிருந்தது. கை இரண்டும் பாறைக்கடியில் சரியாக நின்றன. அவர் பட்டனை அமுக்கினார்.

பிரிண்டோடு வந்தபோது பாறைச் சரிவெங்கும் சிவப்பாக இருந்தது. முகத்தை வைத்துத் தேட வழியில்லை. "கருங்குழி அம்சாக்கா!" என்று கத்தினார். ஒரு கை உயர்ந்தது. கொடுத்தார். அன்றைக்கு நாற்பது படம் ஓடிற்று. ஊரடங்குக்குப் பிறகு முதல் நல்ல நாள். வாரா வாரம் அழிக்கும் மெமரி கார்டை அன்றைக்கு அழிக்க மனம் வரவில்லை. பரக்கத்தான நாள், இறைவன் அருளிய நாள் என்று கழற்றி அலமாரியில் வைத்தார்.

சித்திரையில் மறுபடி எல்லாம் மூடினார்கள். மறுபடி தக்காளி.

ஆடி மாதம், பாறை திறந்து சில வாரம் ஆனபின், ஒரு போன் வந்தது.

"போட்டோ எடுக்கிற அண்ணனா? படத்துக்குப் பின்னாடி சீல்ல உங்க நம்பர் இருந்துது. என் பேரு திவ்யா. கருங்குழி. தை மாசம் எங்கம்மாவை எடுத்தீங்க. கல்லைத் தாங்குற மாதிரி."

"சொல்லும்மா. இன்னொரு காப்பி வேணுமா?"

"அதுல மாஸ்க்கு போட்டிருக்காங்கண்ணே. மாஸ்க்கு இல்லாம ஒண்ணு எடுத்தீங்களான்னு கேக்கத்தான்."

"அம்மாவையே கேளும்மா, நான் இன்னா சொன்னேன்னு" என்று சிரித்தார் நூர்முகமது.

அப்போதுதான் திவ்யா சொன்னாள். அம்மா வைகாசியில் போய்விட்டார். கொரோனாதான். டூரால் வந்ததில்லை, நாலு மாதம் கழித்து வந்தது. ஆஸ்பத்திரியில் பையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைக் காட்டவில்லை. டூர் போகும்போது இவள்தான் சண்டை போட்டாள். நாவலூரில் கம்பெனி வேலை, அப்போது வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஊரே செத்துகினு கீது, உனக்கு டூர் கேக்குதா?' என்று கத்தினாள். திரும்பி வந்த அம்மாவைப் பின்கட்டு அறையில் விட்டு, பதினாலு நாள் தனித் தட்டு, தனி டம்ளர். அம்மா ஜன்னல் கம்பி வழியாக அந்தப் படத்தைக் காட்டினார்.

"'இதுல நான் சிரிச்சுகினு கீறேன்டி'ன்னாங்க. 'எங்க தெரியுது, மாஸ்க்குக்கு உள்ள போயா பாக்குறது?'ன்னு கிண்டல் பண்ணேன். வேற போட்டோ இருக்குண்ணே. ஆதார்ல இருக்கு, ரேஷன் கார்டுல இருக்கு. எல்லாத்துலயும் முறைச்சுகினுதான் இருப்பாங்க. அந்தச் சிரிப்பு எங்கனா இருக்கான்னுதான்."

"தேடிப் பாக்குறேம்மா" என்றார் நூர்முகமது. வேறென்ன சொல்வது?

அலமாரியிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு மோகன் கடைக்குப் போனார். அன்றைக்கு எடுத்த மற்றக் குடும்பங்களின் படங்களில், பின்னால் எங்காவது, தள்ளுவண்டிப் பக்கமோ மரத்தடியிலோ, முகக்கவசம் இறங்கிய அம்சா நிற்கலாம். மோகன் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிக் காட்டினார். சிவப்புச் சேலைகள் இருந்தன, ஏராளமாக இருந்தன. அதில் எது அம்சா?

அங்கேதான் நூர்முகமது மாட்டிக்கொண்டார். ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்காத ஆள். ஆனால் அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அது திறந்திருந்த அந்த இரண்டு நொடியும் அவர் கண் மரத்தடியில் இருந்தது.

"உயரத்தை வெச்சுப் பாருங்க பாய்" என்றார் மோகன். உயரம், உடல்வாகு, நெற்றிக் குங்குமம் என்று ஒரு மதியம் முழுக்கப் பார்த்தார்கள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. புதுஜோடிக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்க, வாய் நிறையச் சிரிக்கும் ஒரு பெண். அம்சாவின் உயரம், அம்சாவின் வயது. நூர்முகமது அதை வெட்டிப் பெரிதாக்கி, நல்ல தாளில் போட்டு வாங்கினார். மோகன் காசு வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திவ்யா ஸ்கூட்டரில் வந்தாள். இரண்டு முகக்கவசம், ஒன்றின் மேல் ஒன்று. கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மோகன் கடைக்கு வந்தாள். நூர்முகமது உறையை நீட்டினார். அவள் படத்தை உருவிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது செல்லம்மா அத்தைண்ணே. பக்கத்து வூடு."

இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை படம் ஆள் மாறியது.

"மத்ததையும் பாரும்மா" என்று மோகன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். திவ்யா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இவங்க இல்ல. இவங்க வேன்காரர் சம்சாரம். இவங்க யாருன்னு தெரியல." ஒரு படத்தில் அவள் விரல் நின்றது. மரத்தடியில் மாங்காய்த் துண்டு தின்னும் எட்டு ஒன்பது பெண்கள். ரசீதுக்காரர் சாப்பிடப் போன நேரமாக இருக்கும். எல்லாருக்கும் முகக்கவசம் கழுத்தில். ஒருத்தரைத் தவிர. அந்த ஒருத்தர் முகக்கவசத்தின் கீழ் விளிம்பை ஒரு விரலால் லேசாகத் தூக்கி, மாங்காயை அடிவழியாக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இதான் அம்மா."

"மூஞ்சி தெரியலையே, எப்டிம்மா சொல்றே?"

"கைப்பைய அக்குள்ல இடுக்கிக்கினு ஒத்தக் கால்ல சாஞ்சு நிக்கிறாங்க பாருங்க. வேற யாரும் அப்டி நிக்க மாட்டாங்க." திவ்யாவுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கண்ணும் கலங்கியது. "எல்லாரும் கழட்டிட்டு ஜாலியா தின்றாங்க. இவங்களுக்கு மட்டும் இன்னா? எவன் இவங்களைப் புடிக்கப் போறான்?"

ஏன் என்று நூர்முகமதுக்குத் தெரியும். 'உங்களால என் பொழப்பு கெடணுமா?' என்று கேட்டவர் அவர்தான். படம் எடுத்து முடிந்தபின்னும், அவர் தூரத்தில் நின்றபோதும், அந்த அம்மா அவருடைய அட்டையைக் காப்பாற்றிக்கொண்டு மாங்காய் தின்றிருக்கிறார். அதை அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்.

திவ்யா அந்தப் படத்தையே பிரிண்ட் போடச் சொன்னாள். செல்லம்மா அத்தையின் படத்தையும் வாங்கிக்கொண்டாள். ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவள் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க எதிர்லயே நின்னீங்க இல்ல. கல்லுகிட்ட, கொஞ்ச நேரம் மாஸ்க்கை எறக்குனேன்னு அம்மா சொன்னாங்க. அப்ப சிரிச்சாங்களா?"

எத்தனையோ ஆயிரம் பேரை நிற்க வைத்த வாய். ஒரு வசனம் போதும். ஆனால் ஆள் மாறிய படத்தை நீட்டிய வெட்கம் இன்னும் ஆறவில்லை. இன்னொரு தப்பு சொல்லக் கூடாது என்று பட்டது.

"நான் பாக்கலம்மா" என்றார். "அந்தப் பக்கம் பாத்துகினு இருந்துட்டேன்."

திவ்யா தலையை ஆட்டினாள். "பரவாயில்லண்ணே" என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை.

முகக்கவசம் போய் இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. ரசீதுக்காரர் நின்ற இடத்தில் ஒருவர் குல்பி விற்கிறார். ஜனம் பழையபடி வருகிறது, பாறையைத் தாங்குகிறது, சிரிக்கிறது. நூர்முகமது பழையபடி முகத்தை வைத்தே தேடிப் படம் கொடுக்கிறார். தை மாதம் சிவப்புச் சேலை வேன்கள் வரும்போது மட்டும், படம் எடுக்கும் முன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டு எதிரில் நிற்கும் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார். "இன்னா பாய், பொண்ணு பாக்க வந்தியா?" என்று சதாசிவம் கேலி செய்கிறார்.

சல்மாவிடம் அவர் இதை ஒரு தடவைதான் சொன்னார். சல்மா மீன் அரிந்துகொண்டே கேட்டார். கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுறீங்க. சிரிச்சாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறைஞ்சிருக்கும்? அந்தப் பொண்ணு அதுக்குத்தானே அத்தினி தூரம் வந்துச்சு?"

நூர்முகமது கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சிருப்பாங்க" என்றார். "மொத டூரு இல்ல?"

"இத்த அவகிட்ட சொல்லியிருக்கணும்" என்றார் சல்மா.