டர்போவுக்கு முன்னால் ஒரு வட்டம்

கட்டை விரலை இன்ஜின் புகையைச் சேர்க்கும் மேனிஃபோல்டின் அடியில் விட்டுத் தடவிக்கொண்டே போகிறாள் கிளெனிஸ் ட்ரெம்பாத். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றுகூடி, அந்தப் புகையின் வேகத்தில் சக்கரம் சுழலும் டர்போவுக்குள் நுழையப்போகும் இடத்தில் விரல் நிற்கும். காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து அங்கே ஒரு வட்டம் போடுவாள். புகையின் வெப்பத்தை அளக்கும் சென்சார் அங்கேதான் உட்கார வேண்டும். வேறு இடம் கேட்பவர்களிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அறுபதை நெருங்கும் ஒருத்தி தனியாக ஒர்க்‌ஷாப் நடத்துவதைத் தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா நகரம் ஏற்றுக்கொண்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அவள் வாயைத்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. தேநீரை ஜாம் பாட்டிலில் குடிப்பாள். மதியத்துக்கு இறைச்சி அடைத்த ஒரு பேஸ்ட்ரி, அதையும் நின்றபடியே. சாஸ் சட்டையில் ஒழுகினால், "ஆயில் கறை ரொம்ப நாளா தனியா இருந்துச்சு" என்று துடைக்காமல் விட்டுவிடுவாள்.

கேரவன் என்ற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு மேற்கே கிளம்பும் ஓய்வுபெற்றவர்கள்தான் அவளுடைய வாடிக்கை. மற்ற இடங்களில் சென்சாரை டர்போவுக்குப் பின்னால், புகைக்குழாயில், ஒரு மணி நேரத்தில் பொருத்திக் கையில் கொடுத்துவிடுவார்கள். இவளோ மேனிஃபோல்டையே கழற்றி மேசையில் வைத்துத்தான் துளை போடுவாள். ஒரு இரும்புச் சீவல் உள்ளே தங்கினாலும் டர்போவின் சக்கரம் நாசம் என்பாள். ஒரு முழு நாள் போய்விடும். முன்னால் வைத்தால் சென்சாரின் முனை ஒடிந்து டர்போவுக்குள் விழாதா என்று யாராவது எங்கேயோ படித்துவிட்டு வந்து கேட்பார்கள். "விழுந்தா டர்போ போகும். பின்னாடி வெச்சு ஏமாந்தா இன்ஜினே போகும். எது போகணும்னு நீயே சொல்லு" என்பாள். ஏற்றத்தில் டர்போவைத் தாண்டும்போதே புகை நூறு, நூற்றைம்பது டிகிரியை இழந்துவிடும். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக மிதிப்பவன் பிஸ்டனை உருக்கிவிட்டுத்தான் நிறுத்துவான்.

இத்தனை கறாரானவள் ஒரே ஒரு முறை வளைந்து கொடுத்தாள், தம்பி லயலுக்காக.

லயல் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். ஓய்வு பெற்றதும் மனைவி ராஸ்லினோடு மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் வரை போவதாக ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வண்டிக்கும் சென்சாரை டர்போவுக்கு முன்னால்தான் வைத்துக் கொடுத்தாள். கேரவனோடு ஹாராக்ஸ் கணவாய் ஏறிப் பார்த்தபோது மீட்டர் எழுநூற்று இருபதைக் காட்டியது. ராஸ்லின் பயந்து பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். மறுநாள் லயல் வந்து நின்றான். கேரவன் பார்க்கில் பக்கத்து ஆளுக்கும் இதே வண்டியாம். அவனுடையது ஐந்நூற்று அறுபதைத் தாண்டுவதில்லையாம்.

"அவன் பின்னாடி வெச்சிருக்கான்டா. சூடு ஒண்ணுதான், எண்தான் வேற. ஏத்தத்துல காலை எடுத்தா தன்னால இறங்கும்."

"ராஸ் அந்த எண்ணைப் பார்த்தா வண்டியிலயே ஏற மாட்டேங்கிறா, கிளென். மாத்திக் குடு." அவள் மறுத்துத் தலையசைத்ததும் அவன் குரல் மாறியது. "உனக்கு எப்பவும் நீ சொல்றதுதான் சரி. அம்மா விஷயத்துலயும் அப்படித்தான்."

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் கிளெனிஸ். சேர்த்த மூன்றாம் வாரம் அம்மா போய்விட்டாள். ஒரு சென்சாருக்காக அதை எடுத்து வீசலாமா? லயல் வீசினான். அவள் வண்டியை உள்ளே எடுத்தாள். முன்னால் இருந்த துளையை ஒரு போல்ட்டால் அடைத்தாள், பின்னால் புதிதாகத் துளைத்து வைத்தாள். எந்த எண் வந்தாலும் நூற்றைம்பது கூட்டிக்கொள், எழுநூறைத் தாண்டினால் காலை எடு என்று இரண்டு தடவை சொன்னாள். சரி சரி என்று கையசைத்துவிட்டுப் போனான்.

ஒன்பதாம் நாள் அவன் வண்டி லாரி முதுகில் திரும்பி வந்தது. நல்லார்பார் என்ற மரமில்லாச் சமவெளியில் நாள் முழுக்க எதிர்க்காற்றில் இழுத்திருக்கிறான். மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை. ராஸ்லின் திரும்பும் வழியிலுள்ள செடுனா ஊரிலிருந்தே பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா வைத்த மீட்டர் கழுத்தறுத்துவிட்டது என்று லயல் வழியெல்லாம் தெரிந்தவர்களிடம் போனில் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். அவன் வந்து சேருவதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் தாங்கள் கொடுத்திருந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஐந்நூத்தி எழுபதைத் தாண்டவே இல்ல. நான் பார்த்துட்டேதான் ஓட்டினேன்" என்றான் லயல், லாரிக்காரன் காதிலும் விழட்டும் என்று.

கிளெனிஸ் பானெட்டைத் தூக்கினாள். கட்டை விரல் மேனிஃபோல்டின் அடியில் மெல்லப் போய், தான் அடைத்த போல்ட்டின் மேல் நின்றது. காதிலிருந்த சாக்பீஸை எடுத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்க, அந்த போல்ட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.