ஏர்கோன் குடித்த எண்ணெய்

அப்பாவின் காரில் ஏர்கோன் இருந்தது. இருந்ததே தவிர, அதனால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அதைப் போடும் திருகின் பக்கம் என் கை போனாலே, "அது எண்ணெய் குடிக்கும்" என்பார் அப்பா. பெட்ரோலை நாங்கள் எண்ணெய் என்றுதான் சொல்வோம். அந்தக் குளிர்ப்பெட்டிக்குள் ஒரு குடிகாரன் உட்கார்ந்திருக்கிறான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

அப்பா நாங்கள் குடியிருந்த தோட்டத்திலிருந்து செம்பனைப் பழக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டினார். ஏர்கோன் போட்டால் மேட்டில் கார் இழுக்காது, சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட எண்ணெய் கரைந்துகொண்டே இருக்கும் என்று யார் கேட்டாலும் விளக்கம் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். பக்கத்து ஊரான பத்தாங் பெர்ஜுந்தாய்க்குச் சாமான் வாங்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நான்கு சன்னல்களும் திறந்தே இருக்கும். செம்மண் சாலையில் எதிரே லோரி வந்தால் மட்டும் அவசரமாக ஏற்றுவோம். தூசி அடங்கியதும் இறக்குவோம். அந்த வேலையில் எனக்கு நல்ல தேர்ச்சி.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு நோய் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நானும் கூடவே போவேன். போகும்போது காலை நேரம், பரவாயில்லை. திரும்பும்போதுதான் கொடுமை. உச்சி வெயிலில், காப்பார் வரைக்கும் லோரிகளின் புகை, ஜெராம் வந்தால் கருவாட்டு வாடை. அம்மா வாயில் துண்டை வைத்துக்கொண்டு கதவோடு சாய்ந்திருப்பார். காற்றில் அவருடைய தலைமுடி உதிர்ந்து பறந்துவந்து பின்னால் இருந்த என் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். "அம்மா, முடி" என்று சிணுங்குவேன். அவர் திரும்பாமலே தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொள்வார்.

அப்படி ஒருநாள் நான் சிணுங்கியபோது அப்பாவின் கை தானாக அந்தத் திருகுக்குப் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க. எண்ணெய் குடிக்கும். காத்தே போதும்."

அப்பா இத்தனை வருடமாகச் சொன்னதைத்தான் அம்மா திருப்பிச் சொன்னார். ஆஸ்பத்திரி போகிற நாளில் அப்பாவுக்குச் சம்பளம் இல்லை என்பதும், இன்னும் எத்தனையோ முறை போகவேண்டும் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, ரவாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். வாசல் நிலையில் குனிந்து வருகிற உயரம், ஊரைக் கூட்டுகிற குரல். நான் எண்ணெய் ஊற்றித் தருகிறேன் என்று அவர் இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தார். அப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்த்து விட்டுவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் காதுபட வேறு பேச்சை எடுத்தார்.

"சன்னல தொறந்துபோட்டு ஓட்டுனா காத்து காடிய பின்னால இழுக்கும் மாப்ள. அதுக்கும் எண்ணெய்தான் போவுது. சாத்திட்டு ஏர்கோன் போட்டாலும் எல்லாம் ஒண்ணுதான் லா."

"அது ஹைவேயில பறக்கிறவனுக்கு மச்சான். நம்ம ரோட்டுக்கு ஒத்துவராது" என்றார் அப்பா.

இருவரும் விடாமல் பேசினார்கள். கடைசியில் அம்மாதான் படுத்திருந்த இடத்திலிருந்து, சண்டை வேண்டாம், சோதித்தே பார்த்துவிடுங்கள் என்றார். நோய் வந்தபிறகு அவர் எதிலும் ஆர்வம் காட்டியது அன்றைக்குத்தான்.

சோதனை இதுதான். புறப்படும் முன்பு பெர்ஜுந்தாய் எண்ணெய் நிலையத்தில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். கிள்ளான் போய்த் திரும்பி, அதே இடத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். எவ்வளவு உள்ளே போகிறதோ, அவ்வளவுதான் வழியில் செலவானது. ஒருமுறை சன்னலைத் திறந்துகொண்டு போய்வந்தோம். அடுத்த முறை ஏர்கோன் போட்டுக்கொண்டு போனோம், சாட்சிக்கு மாமாவும் வந்தார்.

அந்தக் குளிர்ச்சியை என்னால் மறக்க முடியாது. வெளியே லோரிகள் சத்தமில்லாமல் போயின. அம்மா வழியிலேயே தூங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவும் அம்மாவும் உள்ளே போனபிறகு, காரை நிழலில் போடவேண்டும் என்று மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நிழல் எதிலும் நிற்காமல் பக்கத்து எண்ணெய் நிலையத்தில் போய் நின்றார். அவரே குழாயைப் பிடித்துக் கொஞ்சம் ஊற்றினார். யோசித்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பிறகு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

"அப்பாகிட்ட சொல்லாத. அம்மாகிட்ட சொல்லவே சொல்லாத" என்றார்.

எனக்கு ஓயாத இருமல், ஐஸ்கிரீம் வீட்டில் தடை. ஆகவே ரகசியம் ஐஸ்கிரீம்தான் என்று எடுத்துக்கொண்டேன். வாயைக் கழுவி, கையைக் கழுவி, சட்டையை மோந்து பார்த்துக்கொண்டேன். எண்ணெய்க் குழாய் என் நினைவிலேயே இல்லை.

அப்பா வந்து காரில் உட்கார்ந்தார். மாமாவின் நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளியிருந்த இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார். சாவியைத் திருப்பி, எண்ணெய் முள்ளைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தார். மாமா வெளியே ஒரு வெறும் சுவரை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் வாசனை அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று உதட்டை மறுபடி துடைத்துக்கொண்டேன். அவர் ஏர்கோனைப் போட்டு, காற்று அம்மாவின் முகத்தில் நேராக அடிக்காதபடி திருப்பி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பெர்ஜுந்தாயில் குழாய் சீக்கிரமே நின்றுவிட்டது. சன்னல் திறந்து போனபோது செலவானதைவிடக் குறைவு. மாமாவே இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "பாத்தீங்களா மாப்ள" என்றவருக்கு ஊரைக் கூட்டும் குரல் வரவில்லை. அப்பா மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு அம்மாவின் பக்கம் வந்து சன்னலில் குனிந்தார்.

"ஒங்கண்ணன் சொன்னதுதான் சரி. இத்தன வருசமா நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

அம்மா சிரித்தார். அப்பா எதிலும் தன் தவறை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதன்பிறகு கிள்ளானுக்குப் போன ஒவ்வொரு முறையும் குளிர்ச்சியாகவே போனோம். அம்மா மறுக்கவில்லை. என் முகத்தில் முடி வந்து ஒட்டவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளிலும் லோரிக்குப் போகத் தொடங்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவருக்கு லோரி பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மா இறந்துபோனார். அந்த நாட்களைப் பற்றி எழுத இன்றும் எனக்குத் தெம்பில்லை.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து, அப்பாவும் நானும் பெர்ஜுந்தாய்க்குப் புறப்பட்டோம். நான் முன்னால், அம்மாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். அப்பா நான்கு சன்னல்களையும் இறக்கிவிட்டார்.

"ஏர்கோன் போடுங்கப்பா. அதுதான் எண்ணெய் குடிக்காதே" என்றேன்.

அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே, "குடிக்கும்மா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டாரே! அம்மா இல்லையென்றதும் பேச்சை மாற்றுகிறார், மாமாவிடம் தோற்றதைத் தாங்க முடியவில்லை அவருக்கு என்று முடிவு செய்தேன். அந்தக் கோபத்தில், வீடு திரும்பும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை.