அம்மா துவைத்த துண்டும் பின்சக்கரப் பிரேக்கும்

அம்மா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அம்மா ஆத்தூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டாம் வயதில் திண்டுக்கல்லுக்கு மருமகளாக வந்தார். சிறுமலை வாழைத்தார்களை இறக்கி விற்றுவந்த அப்பா, பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய பிக்கப் வண்டியை வாங்கி வந்த அன்று, அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதைக் கழுவவே தனியா ஒரு கெணறு வேணும்” என்றார். முதற்குழந்தையை அம்மை நோய்க்குப் பறிகொடுத்தார். இருமுறை தாமே சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். அத்துயரங்களை அவர் விரித்துரைத்ததில்லை, நானும் விரிக்கவில்லை. அவர் சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒன்றையே எழுதுகிறேன்.

அக்காவின் திருமணத்துக்கு மூன்று ஞாயிறும் கோவிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் சிறுமலையினர். அவர்கள் பன்னிரண்டு பேரையும் தம் வண்டியிலேயே இறக்கிவருவதாக அப்பா வாக்களித்திருந்தார். மலைக்குப் பேருந்து அரிது. அந்த நேரம் பார்த்து வண்டியின் பின்சக்கரப் பிரேக் தளர்ந்துபோனது. மிதித்தால் முன்பக்கம் குனிந்தது. பின்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தது.

எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த பாய் பின்சக்கரங்களின் பிரேக் கட்டைகளுக்குப் புது லைனிங் போட்டார். நான்கு நாள் பிரேக் நன்றாகப் பிடித்தது. ஐந்தாம் நாள் பழையபடியே ஆயிற்று. சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிந்திருந்ததால், பிரேக் ஆயில்தான் ஒழுகுகிறது என்று ரப்பர் வாஷர்களையும் லைனிங்கையும் மாற்றினார். மீண்டும் கசிந்தது. திருமணத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

“மெதுவா எறக்கிக் கொண்டாந்துருவேன்” என்றார் அப்பா.

“அம்புட்டுப் பேரையுமா? நிக்காத வண்டியில ஒரு ஆளை ஏத்தவும் நான் சம்மதிக்க மாட்டேன்” என்றார் அம்மா.

மறுநாள் காலை அம்மா இரண்டு துண்டுகளுடன் பட்டறைக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். ஒன்று, சிந்திய பிரேக் ஆயிலை அப்பா துடைத்தது. மற்றொன்று, சக்கரத்தின் உட்புறத்தைத் துடைத்தது.

“அண்ணே, இது சவுக்காரத்துக்கே வெளுத்துருச்சு. இது உவர்மண்ணுல வேக வச்சும் கறுப்பாத்தான் இருக்கு. ரெண்டும் ஒரே எண்ணெய் இல்ல.”

பாய் இரண்டாம் துண்டை முகர்ந்து பார்த்தார். பிறகு, “கிரவுன் ஆயிலு. எனக்கு மூக்கு இருந்து என்ன தங்கச்சி புண்ணியம்” என்றார்.

பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரக் கூட்டில் ஊற்றும் கெட்டி எண்ணெய் அது. அச்சு வழியே சக்கரத்துக்கு வந்து லைனிங்கை நனைத்திருக்கிறது. ஏன் வந்தது என்று பார்க்க, பாய் அந்தக் கூட்டின் அளவுத் துளையைத் திறந்தார். துளையின் விளிம்புவரை மட்டுமே எண்ணெய் நிற்க வேண்டும். ஆனால் அது பாய்ந்து கொட்டி அரைச்சட்டி நிறைந்தது.

“அண்ணே, இது கிரவுனா, ஊருணியா?” என்று வண்டியருகே நின்ற அப்பாவைக் கேட்டார் பாய்.

அப்பா தலையைச் சொறிந்தார். “மலை ஏறுற வண்டி. கொறையக் கூடாதேன்னு வாராவாரம் மேல இருக்குற மூடியத் தொறந்து கொஞ்சம் ஊத்துவேன்.”

“விருந்தாளிக்கு மோர் ஊத்துற மாதிரி ஊத்திருக்காக” என்றார் அம்மா. பாய் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது.

மிகுதி எண்ணெயை வடித்து, அச்சின் இரு முனைகளிலும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் புது சீல் பொருத்தி, பிரேக் டிரம்களைப் பெட்ரோலால் கழுவி, எண்ணெய் குடித்த லைனிங்கை எறிந்து புதியது போட்டனர். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். பாயும் அப்பாவும் வண்டிக்கு அடியில் இருந்ததால் அம்மா ஏறி அமர்ந்தார். ஓட்டுநர் இருக்கையில் அவர் அமர்ந்தது அந்த ஒரு முறைதான்.

“மிதி. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத” என்று அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“இருபது வருசமா நீங்க சொன்னதத்தான கேக்குறேன். இன்னைக்குத்தான் அது உபயோகமா இருக்கு.”

சோதித்துப் பார்க்க அப்பா மலைக்குத் தனியே புறப்பட்டபோது அம்மாவும் ஏறிக்கொண்டார். தடுத்தும் இறங்கவில்லை. வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், செங்குத்தான ஒரு வளைவில் மாட்டு மந்தை குறுக்கிட்டது. அப்பா ஒரே முறை மிதித்தார். முழுப்பாரத்தோடு இறங்கிய வண்டி, நான்கு சக்கரமும் பதிந்து நின்றது. மாடுகள் அசைபோட்டபடி கடக்கும்வரை அம்மா காத்திருந்து, “இனிமே சம்பந்தி வீட்டுக்கு வண்டி வருதுன்னு சொல்லி விடுங்க” என்றாராம். திருமண நாளில் பன்னிரண்டு பேரும் பாடிக்கொண்டே இறங்கினர்.

சென்ற ஆண்டு மூன்று வாரக் காய்ச்சலில் அம்மா படுத்தபோது அன்றாடம் வந்து பார்த்த மருத்துவருக்கும், இரவுபகலாக உடனிருந்த கன்னியர்க்கும், அடக்கச் சடங்கில் தோள் கொடுத்த அனைவர்க்கும், பட்டறை பாய்க்கும் எங்கள் நன்றி உரியது.

மலையிலிருந்து வந்திருக்கும் அத்தான் வீட்டாரிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறோம். பிரேக் செய்தி உங்கள் காதுக்கு எட்டவே கூடாதென்பது அம்மாவின் கட்டளை. “தெரிஞ்சா சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டு நடந்தே வருவாக” என்றார். இதை நீங்கள் அறிவது இதுவே முதல் முறை. பகல் உணவுக்குப் பின் உங்களை மலையேற்றிவிட அப்பா வண்டியோடு வாசலில் காத்திருப்பார். அஞ்சாமல் ஏறுங்கள்.