சிலுவையம்மாளின் வாடகைப் பலகை

கல்மண்டபத்துக் கருவாட்டுக்காரி சிலுவையம்மாளைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்து ராயபுரத்தில் இருந்திருக்க முடியாது. ஒன்று அவளிடம் கருவாடு வாங்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் திட்டு வாங்கியிருப்பார்கள். பாக்கியசாலிகளுக்கு இரண்டும் கிடைத்தது.

அவள் புருஷன் அம்புரோஸ் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது சங்கிலி அறுந்து, இரும்புக் கட்டு நெஞ்சில் விழுந்து செத்தான். கோணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். அவன் விட்டுப்போனது ஓர் ஓட்டு வீடு. லீவு நாட்களில் அவனே மண் சுமந்து, அவனே செங்கல் அடுக்கிக் கட்டியது. சுவர் கொஞ்சம் கோணல்தான். அதை யாராவது சொன்னால் சிலுவையம்மாளுக்குப் பிடிக்காது.

பின்கட்டில் அவள் இருந்தாள். முன்கட்டில் ஒரு ரயில்வே பிட்டரின் குடும்பம் இருந்தது. அவர்களுக்குப் பெரம்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போனதும் முன்கட்டு காலியானது. அங்கேதான் சனியன் பிடித்தது.

மதுவிலக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. குடி ஒன்றும் குறையவில்லை, இடம்தான் மாறியது. படகில் வரும் சாராயப் பீப்பாயைக் கரையிலிருந்து நேராக உருட்டிக்கொண்டு வந்து இறக்க ஒரு வீடு வேண்டும் என்று அந்தப் பக்கத்துச் சாராய ரவுடி தண்டபாணி தேடிக்கொண்டிருந்தான். சிலுவையம்மாள் வீட்டுச் சந்து கடற்கரையில் போய் முடியும். அவனுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. அடுத்த தெருவில் மாரியப்பன் என்ற பெரியவர் அவனுக்கு ஓர் அறையைத்தான் விட்டார். அறை மெல்ல முழு வீடாயிற்று. ஏனென்று கேட்ட பெரியவரின் இடுப்பை உடைத்துத் தெருவில் போட்டான். மார்க்கெட் கொட்டகையில் ஈ மொய்க்கக் கிடந்து செத்தார் அவர். தண்டபாணி உள்ளே வந்தால் தனக்கும் அந்தக் கொட்டகைதான் என்பது சிலுவையம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அவன் வருவதற்குள் ஒரு நல்ல குடும்பத்தை முன்கட்டில் ஏற்றிவிட வேண்டும்.

தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு ஹபீபுல்லாவிடம் போனாள். படகுகளுக்குப் பேர் எழுதுகிறவன் அவன். பச்சைப் பெயிண்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தான்: வீடு வாடகைக்கு விடப்படும். குடும்பஸ்தர்களுக்கு மட்டும்.

"கீய இன்னும் ஒண்ணு எயுது. குடிக்கிறவன், அடிக்கிறவன் படியேறாதே."

"யம்மா, அப்படி எயுதினா இந்தத் தெருவுல யாரு வருவா?"

"வராட்டி போறான். நீ எயுது."

பலகையை ஆணியில் மாட்டிய அன்றே தண்டபாணி வந்தான். நின்று நிதானமாகப் படித்தான். பிறகு பலகையைக் கழற்றித் தரையில் வைத்து, மிதித்து இரண்டாக உடைத்துவிட்டுப் போனான். அவள் இன்னொரு பலகை எழுதி வாங்கி மாட்டினாள். அதையும் உடைத்தான். மூன்றாவதை ஆணி அடித்துக் கதவோடு சேர்த்தே அறைந்தாள்.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அமீர் வந்தான். துறைமுகத்தில் கணக்குப் பார்க்கிற வேலை. கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட இருக்காது. கூட வந்த பெண்டாட்டி மலிகாவுக்கு முற்றத்துக் கிணறு பிடித்துப்போயிற்று. வாளியை இறக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்து, "தண்ணி உப்பே இல்ல மாமி" என்றாள். சுவர் கோணலாக இருப்பதைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. சிலுவையம்மாள் அப்போதே மனத்துக்குள் அவர்களைக் குடியேற்றிவிட்டாள்.

தெருமுனையைக்கூட அவர்கள் தாண்டவில்லை. தண்டபாணியின் ஆட்கள் அமீரைச் சைக்கிள் செயினால் அடித்தார்கள். விழுந்தவனின் வாயில் ஒருவன் செருப்புக்காலால் ஏறி மிதித்தான். மலிகாவின் கூச்சல் கேட்டுச் சிலுவையம்மாள் கருவாடு வெட்டும் கத்தியோடு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாடை ஒரு பக்கமாகத் தொங்க, அமீர் சாக்கடை ஓரம் உட்கார்ந்திருந்தான். பற்கள் மண்ணில் கிடந்தன. எந்தக் கிணற்றுத் தண்ணீரை மலிகா மெச்சினாளோ அதைக் கொண்டுவந்து சிலுவையம்மாள் அவன் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ ரத்தம் வந்துகொண்டே இருந்தது.

"வீடு ரொம்ப நல்லா கீது மாமி" என்றாள் மலிகா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "எங்களுக்கு வாணாம்."

சிலுவையம்மாளுக்குக் கண் இருண்டுவிட்டது. அப்படியே கத்தியோடு டீக்கடைக்குப் போனாள். தண்டபாணி பெஞ்சில் உட்கார்ந்து பொறை தின்றுகொண்டிருந்தான். தெருவே திரண்டு நின்றது.

"இன்னா கெய்வி, கத்திய காட்றே? வூட்ட எனக்குக் குடு. வேலை முடிஞ்சிச்சு."

"பலகையிலே இன்னா எயுதிகீது? குடும்பம். உனக்கு ஏதுடா குடும்பம்? நீ அடிச்ச அடி தாங்காமத்தானே உன் பொண்டாட்டி எண்ணூருக்கு ஓடிச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோபம் வந்தால் வாயைக் கட்டத் தெரியாத பிறவி அவள்.

"இன்னா சொல்றேன் கேட்டுக்கோ. ஊரு அறியச் சொல்றேன். உன் பொண்டாட்டி வந்து என் அடுப்பிலே பால் பொங்க வெக்கட்டும். அவ கையிலே சாவியக் குடுக்கறேன். மாதா மேலே ஆணை."

பால் காய்ச்சாமல் எவரும் அங்கே வாடகை வீட்டுக்குள் போவதில்லை. வீட்டுக்காரி சாவியைக் குடித்தனம் வரும் பெண்ணின் கையில்தான் கொடுப்பாள். இந்துவோ கிறிஸ்தவரோ, அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். பால் பொங்கிவிட்டால் வீட்டுக்காரியே நினைத்தாலும் உடனே போ என்று சொல்ல முடியாது. ஓடிப்போன குப்பம்மா செத்தாலும் இவனிடம் திரும்பி வரமாட்டாள் என்ற தைரியத்தில் சொன்ன சொல் அது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தண்டபாணி சிரிக்கவில்லை. பொறையை டீயில் தோய்த்துத் தின்று முடித்துவிட்டு எழுந்து போனான்.

அவன் எங்கே போயிருக்கிறான் என்று அந்த வாரம் யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிலுவையம்மாள் வீடு திரும்பியபோது வாசலில் ஒரு கை ரிக்ஷா நின்றிருந்தது. தண்டபாணி ஒரு பெண்ணைத் தலைமயிரைப் பற்றி இறக்கினான். மெலிந்த உடம்பு. உப்பளத்தில் வேலை செய்து வெடித்த பாதங்கள். எப்போதோ ஒடிந்த இடது கை கோணலாகக் கூடியிருந்தது. உதடு கிழிந்து, ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது.

"எங்க அண்ணி எப்படி? குடும்பம் வந்துட்டுது பாரு" என்றான் பின்னால் பீப்பாய் உருட்டிக்கொண்டு வந்த அடியாள்.

சிலுவையம்மாளுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. இவன் போய் இழுத்து வந்திருக்கிறான், சரி. இழுத்து வரச் சொன்ன வாய் யாருடையது? அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் தெரு முழுக்கக் காதால் கேட்டிருந்தது. ஆணையிட்ட சொல்லை விழுங்கினால் அப்புறம் அந்தத் தெருவில் அவள் தலைநிமிர முடியாது. கதவைத் திறந்துவிட்டாள்.

முன்கட்டு அடுப்பில் குப்பம்மா விறகை வைத்து ஊதினாள். ஊதும்போது கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் சாம்பலில் சொட்டியது. சிலுவையம்மாள் பக்கத்தில் குனிந்து பாலை ஊற்றினாள்.

"உனக்கு ஆளு அம்பு யாரும் இல்லியாடி?" என்று மெல்லக் கேட்டாள்.

"அண்ணன் கீதுக்கா. குறுக்க வந்துச்சு, தோள்ல வெட்டிட்டான். ஆஸ்பத்திரில கெடக்குது."

"என் வாயாலதான் உனக்கு இது வந்துது."

குப்பம்மா நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி அடுப்பை ஊதினாள்.

வெளியே பீப்பாய்கள் சேர்ந்துகொண்டிருந்தன. தண்டபாணிக்குப் பொறுமை போயிற்று. உள்ளே வந்து சிலுவையம்மாளின் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைப் பிடித்து இழுத்தான்.

"பால் இன்னும் பொங்கல" என்றாள் அவள்.

"பொங்கும். சாவியக் குடு."

"அவ கையிலே குடுக்கறேன்னுதான் சொன்னேன். உன் கையிலே இல்ல."

அவன் மறுபடி இழுத்தான். அவள் அவன் கையைக் கடித்தாள், பல் எலும்பில் படும்வரை. அவன் அவள் தலையைப் பிடித்து நிலைக்கதவில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். அது போதவில்லை அவனுக்கு. கதவில் அறைந்திருந்த பலகையை ஆணியோடு பிய்த்தெடுத்து, குடும்பஸ்தர்களுக்கு மட்டும் என்ற எழுத்துத் தெரிய ஓங்கி ஓங்கி அவள் முதுகில் அடித்தான்.

பால் பொங்கியது. குப்பம்மா சட்டியைப் புடவைத் தலைப்பால்கூடப் பிடிக்கவில்லை. வெறுங்கையால் தூக்கினாள். நல்ல கையும் கோணல் கையுமாகச் சேர்த்துப் பிடித்து, அவன் திரும்பியபோது முகத்தில் ஊற்றினாள்.

அந்த அலறல் கரைவரைக்கும் கேட்டதாம். தண்டபாணி கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் மோதினான், வாசற்படியில் தடுக்கித் தெருவில் விழுந்தான். சிலுவையம்மாள் தவழ்ந்து எழுந்து பலகையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அமீரின் தாடைக்கு ஒன்று போட்டாள். மாரியப்பனின் இடுப்புக்கு ஒன்று. பிறகு யாருக்கென்று சொல்லாமலே அடித்தாள். அவன் முழங்கால் உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அது தப்பென்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்குத் தப்பாகப் படவில்லை. கடைசியில் ஹபீபுல்லாதான் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"போதும்மா. செத்துடுவான்."

அடியாட்கள் முன்னால் வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். மீன்காரப் பெண்கள் அரிவாள்மணையும் கையுமாகச் சந்தின் வாயை மறித்து நின்றார்கள். ஆட்கள் பீப்பாய்களை விட்டுவிட்டுத் தண்டபாணியை மட்டும் ரிக்ஷாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு கண் போய்விட்டது அவனுக்கு, காலும் கோணிவிட்டது. பெண்டாட்டியிடம் பால் அபிஷேகம் வாங்கினவன் என்று குழந்தைகள்கூடக் கூவத் தொடங்கின. பயம் போனபின் ரவுடிக்கு என்ன மரியாதை? வியாசர்பாடிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. கல்மண்டபத்தில் அவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

குப்பம்மா அன்று மாலையே புறப்பட்டுவிட்டாள். வெந்த உள்ளங்கைகளில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"எங்கே போறே?"

"எண்ணூருக்குக்கா. நான் ஒத்த ஆளு. இது குடும்பத்துக்கு வுடற வூடு."

சிலுவையம்மாள் அந்தப் பலகையை எடுத்து, கருவாட்டுக் கத்தியால் சிம்புகளாகப் பிளந்தாள். அணைந்து கிடந்த அடுப்பில் அவற்றை அடுக்கிக் கொளுத்தினாள். பச்சைப் பெயிண்ட் நாற்றமடித்துக்கொண்டு எரிந்தது. புதிதாகப் பால் வாங்கி வந்து வைத்துவிட்டு, குப்பம்மாவை இழுத்து அடுப்புக்கு எதிரே உட்கார வைத்தாள். கட்டுப் போட்ட தலையோடு தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பால் மேலே வந்து சட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. சிலுவையம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"தண்டபாணி பொண்டாட்டி பால் பொங்க வெச்சா அவ கையிலே சாவியக் குடுக்கறேன்னு மாதா மேலே ஆணை வெச்சிகீறேன்" என்றாள். "புடி."

கட்டுப் போட்ட கையால் சாவியைப் பிடிக்க முடியவில்லை. குப்பம்மா முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.